உப்புக் காற்றின் மேல் போடும் பழி

வென்னப்புவையிலிருந்து சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் வழியாகக் கற்பிட்டி முனை வரை நீளும் கரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய அறிவுரை ஒன்று உண்டு. எஞ்சினைச் சுற்றியுள்ள தகரங்களில் கறள் கண்டால் அவற்றை வீட்டில் வைத்துப் பெயின்ற் அடிப்பது வீண்வேலை. இந்த உப்புக் காற்றில் அது ஒரு மழைக்காலமும் தாங்காது. கொழும்புப் பக்கம் அனுப்பி, மணல் அடித்து, பவுடர் கோட்டிங் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கையில் காசு இல்லையென்றால் வெப்பம் தாங்கும் ஸ்பிரே டின் ஒன்றை வாங்கி அடித்துவிட்டு, அடுத்த ஆண்டும் அதையே செய்ய வேண்டும். கராஜிலும் இதைத்தான் சொல்கிறார்கள், உதிரிப்பாகக் கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்டவர்கள் அடுத்தவருக்கும் இதையே சொல்கிறார்கள்.

அறிவுரை தவறு. அதன் ஒரு பகுதி மட்டுமல்ல, அது நிற்கும் அடித்தளமே தவறு. பெயின்றைத் தோற்கடிப்பது மேலே வீசும் காற்று என்று அது எண்ணுகிறது. உண்மையில் தோற்கடிப்பது பெயின்றுக்கு அடியில், தகட்டின் மேல் விட்டுவைக்கப்பட்ட உப்பு. அந்த உப்பை எடுப்பதற்குத் தேவையானவை தண்ணீர், நேரம், கவனம் ஆகிய மூன்றும்தான். இம்மூன்றும் அவசரத்தில் இயங்கும் தொழிற்கூடத்தைவிட வீட்டுக் கொட்டிலில்தான் எளிதில் கிடைக்கின்றன.

இந்தப் பேச்சு இப்போது முக்கியமாவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய கார்களின் விலையும் மதிப்பும் ஏறின. கொட்டில் மூலையில் கிடந்த மொரிஸ் மைனரையும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் வொக்ஸ்வாகன் பீட்டிலையும் எழுப்பி ஓடவைக்கும் ஆர்வம் புதிய தலைமுறைக்கும் தொற்றியது. அந்த ஆர்வத்தோடு முதல்முறை ஸ்பானர் பிடிப்பவரிடம் “இது உன்னால் ஆகாத வேலை” என்று சொல்லி அனுப்புவது, ஒரு காரை மட்டும் கெடுப்பதில்லை.

இந்த வாதத்துக்குப் பீட்டிலைவிடப் பொருத்தமான கார் கிடையாது. 1938இல் தொடங்கி 2003இல் மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் முடியும்வரை 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் செய்யப்பட்டன. அதன் எஞ்சினில் ரேடியேற்றர் இல்லை, சுற்றியோடும் தண்ணீர் இல்லை. பின்பக்க எஞ்சின் அறையில் நிற்கும் காற்றாடி, பின்கண்ணாடிக்குக் கீழுள்ள பிளவுகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, விநாடிக்குச் சில நூறு லீற்றர் வீதம் சிலிண்டர்களின் செதில்களுக்கு இடையே தள்ளுகிறது. அந்தக் காற்றை வழிநடத்துவது முழுக்க முழுக்கத் தகரம். காற்றாடியை மூடிய பெரிய உறை, சிலிண்டர்களின் மேல் கவிழ்ந்த மூடிகள், கீழே காற்றைத் திருப்பும் சிறு தகடுகள், எஞ்சினைச் சுற்றி மேலுள்ள குளிர்காற்றையும் கீழுள்ள சுடுகாற்றையும் பிரிக்கும் தட்டுகள் என எல்லாம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டை அழுத்தி எடுத்தவை.

ஆகவே அந்தத் தகரத்தில் கறள் ஓட்டை போட்டால் குறைவது அழகு மட்டுமல்ல. காற்று கசியும். எண்ணெய்க் குளிரூட்டி அந்த உறைக்குள்ளேதான் நிற்கிறது. அதற்குப் போகவேண்டிய காற்றும் குறையும். வெளியேறிய சுடுகாற்று மறுபடி மேலேறிக் காற்றாடிக்குள்ளேயே நுழையும். “வெப்ப நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு” என்று கீழ்த்தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்ட பீட்டில்கள் உண்டு. 30 பாகை வெயிலில் பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை ஓடும் எஞ்சினுக்கு அந்தத் தகடுகள் ஐரோப்பாவில் தேவைப்பட்டதைவிட அதிகம் தேவை. தகரத்துக்குப் பெயின்ற் அடிப்பது, பீட்டிலைப் பொறுத்தவரை, குளிரூட்டும் அமைப்பைப் பழுதுபார்ப்பது.

இப்போது உப்புக் காற்றுக்கு வருவோம்.

1920களில் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வேர்னன் என்ற ஆய்வாளர் இரும்பைக் கொண்டு எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார். ஒரு துண்டை அப்படியே திறந்த அறையில் வைத்தார். மற்றொன்றை மெல்லிய மஸ்லின் துணிக் கூட்டுக்குள் வைத்தார். இரண்டையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்று, ஒரே ஈரம். வெளியே இருந்த துண்டு கறள் பிடித்தது. துணிக்குள் இருந்தது மாதக்கணக்கில் பளிச்சென்று இருந்தது. துணி ஈரத்தைத் தடுக்கவில்லை, தூசைத்தான் தடுத்தது. இரும்பின் மேல் வந்து உட்காரும் துகள்களே அரிமானத்தைத் தொடக்கிவைக்கின்றன என்பதை அந்தப் பரிசோதனை காட்டியது.

கடற்கரையில் அந்தத் துகள் உப்பு. 1955இல் ஆம்ப்ளர், பெயின் என்ற இருவர் நைஜீரியக் கடற்கரையில் அளந்து வெளியிட்ட ஆய்வு, அலை உடையும் இடத்திலிருந்து விலக விலகக் காற்றிலுள்ள உப்பும் அதனோடு சேர்ந்து இரும்பின் தேய்வும் எவ்வளவு சடுதியாகக் குறைகின்றன என்பதைக் காட்டியது. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி இதே கேள்வியை நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறது. கற்பிட்டியின் காற்றும் அந்தக் கடலின் காற்றுதான். இவற்றிலிருந்து விளங்குவது இதுதான்: கடற்காற்று என்பது எங்கும் ஒரே சீராகப் பரவிய சாபம் அல்ல. அது அளக்கக்கூடிய, படியக்கூடிய, ஆகவே கழுவக்கூடிய பொருளைச் சுமந்து வருகிறது.

அந்தப் பொருளின் குணத்தைப் புத்தளம் மாவட்டத்துக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. தூய சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். புத்தளத்து உப்பளங்களில் குவித்த உப்பை வடியவிடுவது அந்தக் கசப்பு நீரைப் போக்கத்தான். இந்தக் கரையில் சாரீரப்பதன் 33 வீதத்துக்குக் கீழே இறங்கும் நாள் அரிது. அப்படியானால் தகட்டின் குழிகளில் ஒட்டியிருக்கும் கடலுப்பு ஒருபோதும் உலர்வதில்லை. நடுப்பகலில் தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருக்கும் தகட்டிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் வேலை செய்துகொண்டே இருக்கும்.

அதன்மேல் பெயின்ற் அடித்தால் என்ன நடக்கும்? எந்தப் பெயின்றும் நீராவியை முற்றாக மறிப்பதில்லை. படலத்துக்குக் கீழே உப்பு இருந்தால் வெளியிலுள்ள நீரை அது உள்ளே இழுக்கும். சில வாரங்களில் சிறு கொப்புளங்கள் எழும். கொப்புளத்துக்குள் கறள் தொடங்கும். பிறகு பெயின்ற் தட்டுத்தட்டாக உரியும். உரிந்ததைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் “பார், காற்று தின்றுவிட்டது” என்கிறார். அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் முழுக்கக் கறள்தூள் ஒட்டியிருக்கும். கெடுதல் உள்ளேயிருந்து வந்திருக்கிறது.

வீட்டில் அடித்த பெயின்ற் நிற்பதில்லை என்பதற்குக் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் இந்த வகையே. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்து, அன்று மாலையே ஸ்பிரே அடித்த தகரங்கள் அவை. கம்பிப் பிரஷ் கறளின் மேற்பரப்பைப் பளபளப்பாக்கும். குழிக்குள் இருக்கும் உப்பைத் தொடாது. தின்னர் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. இந்தத் தோல்விகள் உண்மையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவை நிரூபிப்பது அரைகுறையான தயாரிப்பின் விளைவை. வீட்டில் செய்தால் இப்படித்தான் ஆகும் என்பதை அவை நிரூபிக்கவில்லை.

சரி, பவுடர் கோட்டிங் இந்தக் குறையைத் தீர்க்கிறதா? முழுமையான வசதியுள்ள ஆலையில், காரக் கழுவலும் பொஸ்பேற் குளியலும் முடித்து ஏற்றப்படும் பவுடர் மிக நல்ல பூச்சு. அதில் சந்தேகமில்லை. பிரச்சினை பீட்டிலின் காற்றாடி உறையை அங்கே அனுப்பும்போது தொடங்குகிறது.

முதலில் மணல் அடிப்பு. மெல்லிய தகட்டில் அழுத்தம் கூடினால் தகடு நெளியும். நெளிந்த உறை மற்ற மூடிகளோடு பொருந்தாமல் இடைவெளி விடும். உறைக்குள்ளே காற்றைப் பிரிக்கும் தடுப்புத் தகடுகள் இருக்கின்றன, அவை புள்ளிப் பற்றாசால் பிடிக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அந்த மடிப்புகளுக்குள் மணல் போகும். எளிதில் வெளியே வராது. பின்பு எஞ்சின் ஓடத் தொடங்கியதும் காற்றாடி அந்த மணலை எண்ணெய்க் குளிரூட்டியின் மேலும் சிலிண்டர்ச் செதில்களின் மேலும் வாரியிறைக்கும்.

அடுத்தது பவுடர் ஏறும் விதம். மின்னேற்றம் பெற்ற தூள் தகட்டை நோக்கி ஈர்க்கப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. பின் ஏறத்தாழ 180 முதல் 200 பாகை சூளையில் உருகிப் படலமாகிறது. ஆனால் குழிவான இடங்களின் உள்மூலைக்கு மின்புலம் எட்டாது. மைக்கேல் பரடே 1836இல் கூண்டு ஒன்றைக் கட்டிக் காட்டிய அதே விதி இங்கும் செயற்படுகிறது. தூள் வாயிலோரத்தில் தடிப்பாகக் குவியும், உள்ளே மெலிந்தோ முற்றாக இல்லாமலோ போகும். இந்தக் காரில் கடற்காற்று முழுவதும் போவது எங்கே? உறையின் உட்பக்கம் வழியாக. கண்ணுக்குத் தெரியும் வெளிப்பக்கம் மினுங்குகிறது. உப்பு படியும் உட்பக்கம் அரைகுறையாக நிற்கிறது. பணம் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு, அது தேவைப்படும் இடத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

மூன்றாவது, பழுது. எஞ்சின் தகரங்களைப் பிடிப்பவை திருகாணிகள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அவற்றின் தலைக்கடியில் பூச்சு நசுங்கும், ஓரம் வெடிக்கும். தடித்த பவுடர் படலத்தின் ஓரம் திறந்தால் உப்புநீர் அதன் அடியில் ஊர்ந்து போகும். மேலே கறுப்பு மினுக்கம் அப்படியே இருக்கும். கீழே தகடு தின்னப்படுவது பூச்சு பெயரும் நாள்வரை தெரியாது. அந்த இடத்தை மட்டும் தொட்டுத் திருத்தவும் வழியில்லை. முழுவதையும் உரித்து மறுபடி சூளைக்கு அனுப்ப வேண்டும்.

வெப்பம் தாங்கும் ஸ்பிரேயின் கதை இதைவிட மோசமானது. அவற்றில் பல சிலிக்கன் பிசினால் ஆனவை. சைலன்சர் போன்ற பாகங்களுக்காகச் செய்யப்பட்டவை. அவை முறையாக இறுகுவதற்கே 200 பாகையளவு சூடு வேண்டும். பீட்டிலின் காற்றாடி உறை குளிர்காற்றைச் சுமக்கும் பாகம். அது அந்தச் சூட்டுக்கு அருகில்கூடப் போவதில்லை. சிலிண்டர் மூடிகள் சற்றுக் கூடுதலாகச் சூடாகும், ஆனாலும் நல்ல எஞ்சின் எனாமல் தாங்கும் அளவுக்குள்ளேயே நிற்கும். ஆகவே அந்த ஸ்பிரே உறையின் மேல் ஒருபோதும் முழுமையாக இறுகாமல் மென்மையாகவே கிடக்கும். பெற்றோல் துளி பட்டால் குழையும். அதோடு அது மிக மெல்லிய பூச்சு, பெரும்பாலும் கறள் தடுப்புப் பிரைமர் இல்லாமல் நேரே தகட்டில் அடிக்கப்படுவது. சைலன்சருக்கும் வெப்பமாற்றிப் பெட்டிகளுக்கும் அதுவே சரியான பூச்சு. தகரங்களுக்கு அல்ல. எஞ்சினுக்கு அருகில் இருப்பதெல்லாம் எஞ்சின் அளவுக்குச் சுடும் என்ற எண்ணத்தில் பிறந்த பழக்கம் இது.

இனி வீட்டில் செய்யக்கூடியதைப் பார்க்கலாம். இங்கே இலங்கையிலேயே நல்ல முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது, கார்த் துறையில் அல்ல, தொல்லியலில். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் அவொன்ட்ஸ்டெர். 2001 முதல் கடல்சார் தொல்லியல் பிரிவு அதை அகழ்ந்தது. கடலுக்கடியில் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்த இரும்பை வெளியே எடுத்து அப்படியே வைத்தால் அது வெடித்து உதிர்ந்துவிடும். அதற்கு உலகெங்கும் பாதுகாப்பு ஆய்வுகூடங்கள் கையாளும் முறைகளுள் முதன்மையானது கார ஊறல். இரும்பைக் காரக் கரைசலில் மூழ்கவைத்து, நீரை மாற்றி மாற்றி, வெளிவரும் குளோரைட்டை அளந்து, அது அடங்கும்வரை காத்திருப்பார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இதில் இல்லை. தொட்டி, சோடா, தண்ணீர், பொறுமை, அளவீடு. பீட்டிலின் தகரத்தில் இருப்பது முந்நூறு ஆண்டு உப்பு அல்ல. அதற்குச் சில நாள் ஊறலே போதும்.

வேலையின் ஒழுங்கு இப்படி அமையும். எண்ணெயும் புழுதியும் மண்ணெண்ணெயில் போன பிறகு, சவர்க்காரத் தூள் கலந்த சுடுநீரில் தகடு கழுவப்பட வேண்டும். கறளைச் சிற்றிக் அமிலக் கரைசல் ஓரிரவில் கரைத்துவிடும்; கம்பிப் பிரஷ் எட்டாத மடிப்புக்குள்ளும் அது போகும். பிறகு சலவைச் சோடாக் கரைசலில் ஊறல். காரத்தில் இரும்பு கறள் பிடிக்காது. குழிகளில் சிறைப்பட்ட குளோரைட்டு மெல்ல வெளியேறும். ஒட்டியிருக்கும் அலுமினியப் பாகங்களை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும், சோடா அலுமினியத்தைத் தின்னும்.

கடைசிக் கழுவல்தான் இந்தக் கரையில் பலர் கவனிக்காத இடம். கற்பிட்டித் தீபகற்பத்தின் கிணறுகள் மணலுக்கடியில் கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படுகையிலிருந்து ஊறுபவை. பல கிணறுகளில் உவர்ப்பு உண்டு. விவசாய உரங்களால் நைத்திரேற்றும் கூடியிருக்கிறது. அந்த நீரால் கழுவி உலரவிட்டால் எடுத்த உப்பைத் தகட்டுக்குத் திருப்பிக் கொடுத்ததாக ஆகும். ஆர்.ஓ. வடிகட்டிய குடிநீர் இப்போது ஊர்கள் தோறும் விற்கிறது. பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரும் கடையில் கிடைக்கும். மழைநீரும் நல்லதே. நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் பேனா வடிவ மானி ஒன்றை ஆர்.ஓ. நீரில் வைத்து அளவைக் குறித்துக்கொண்டு, அதே நீரால் தகட்டைக் கழுவி வடித்து மறுபடி அளக்கலாம். இரண்டு அளவுகளும் ஒன்றாகும்வரை கழுவினால் தகடு தயார். கப்பல் கட்டுவோரும் பாலம் கட்டுவோரும் பெயின்றுக்கு முன் செய்யும் பிரெஸ்லே சோதனையின் தத்துவமும் இதுதான்: தகட்டின் மேல் தூய நீரை வைத்து எடுத்து, அதன் மின்கடத்துதிறனை அளப்பது. தகரம் கொடுக்கப்போகும் கடையில் இந்தச் சோதனை செய்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தக் கரையின் மீனவர்கள் இதைப் பாடமாகப் படித்ததில்லை. ஆனாலும் கடலிலிருந்து திரும்பியதும் வெளியிணைப்பு எஞ்சினுக்கு நன்னீர் பாய்ச்சிக் கழுவாமல் விடுவதில்லை. கார் வைத்திருப்பவர்கள் கொழும்பைப் பார்ப்பதற்கு முன் படகுத்துறையைப் பார்த்திருக்கலாம்.

காலநிலை பற்றிய அச்சமும் இதேபோல் அரைகுறையானது. “இங்கே எப்போதும் ஈரம்” என்பார்கள். ஈரத்தைவிட முக்கியம் பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. பெயின்ற் அடிக்கும்போது தகட்டின் வெப்பம் பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழிற்றுறையில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. முற்பகலில் 30 பாகை வெப்பமும் 70 வீதச் சாரீரப்பதனும் இருந்தால் பனிபடுநிலை 24 பாகையளவு. 6 பாகை இடைவெளி தாராளம். இரவில் 25 பாகையும் 90 வீதமும் என்றால் இடைவெளி 2 பாகைக்கும் கீழே போய்விடும். வேலை முடிந்து வந்து இரவில் விளக்கு வெளிச்சத்தில் அடிக்கும் பெயின்ற் உரிவதற்கு இதுவே பெரிய காரணம். ஊரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கற்பிட்டியில் ஓயாது. உலகின் பல பக்கங்களிலிருந்து பட்டச் சறுக்கலுக்கு ஆட்கள் வருவதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் திறந்தவெளியில் பெயின்ற் அடிக்கக் கூடாது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை. பெப்ரவரி, மார்ச் காலைப் பொழுதுகள் வேறு. காற்று தரைப்பக்கமிருந்து மெல்ல வரும், கடற்காற்று எழும்ப நடுப்பகலாகும். அந்த இடைவெளியில் மூடிய கொட்டிலுக்குள் இரண்டு மூன்று பூச்சு அடிக்க நேரம் இருக்கிறது. நாளைத் தேர்ந்தெடுக்கும் இந்தச் சுதந்திரம் வீட்டில் செய்பவருக்கு மட்டுமே உண்டு. கடைக்காரருக்கு ஓடர் வந்த நாளே வேலை நாள்.

பூச்சு விஷயத்திலும் கை வேலைக்குக் கடை வேலையில் இல்லாத வாய்ப்புகள் இருக்கின்றன. இரண்டு பகுதி கலந்து இறுகும் எபொக்சி பிரைமர், படகு கட்டும் கரையோரத்துக்குப் புதிய பொருள் அல்ல. அதைப் பிரஷ்ஷால் தடவலாம். திரவப் பெயின்ற் கூரான ஓரங்களிலிருந்து பின்வாங்கி அங்கே மெலியும். எனவே ஓரங்களை அரத்தால் சற்றே மழுக்கி, முதலில் ஓரங்களுக்கும் பற்றாசுப் புள்ளிகளுக்கும் மட்டும் பிரஷ்ஷால் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் பிறகு முழுவதும் அடிப்பது கப்பல் பட்டறைகளின் வழக்கம். உறையின் உட்பக்கத்துக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. தளர்த்திய பிரைமரை உள்ளே ஊற்றி, உறையைக் கையில் பிடித்து எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றி, மிச்சத்தை வடியவிடுவது. திரவம் போகாத மடிப்பு கிடையாது. துப்பாக்கியால் தெளித்தாலும் மின்னேற்றித் தூவினாலும் எட்டாத இடத்தை இந்த எளிய முறை எட்டுகிறது.

மேலே கறுப்பு எனாமல். எண்ணெய்ப் பிசின் எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்த்து இறுகுவது. மேற்பரப்பு ஒரே நாளில் காய்ந்தாலும் உள்ளே இறுக வாரங்கள் எடுக்கும். கடையில் அந்த வாரங்கள் கிடைக்காது. வீட்டில் தகரம் அலமாரியில் காத்திருக்கலாம், வெயில் ஏறும் அறையில் வைத்தால் இன்னும் விரைவாக இறுகும். பிரஷ் தடம் தெரியும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஈர அரத்தாளால் தேய்த்து இறுதிப் பூச்சை மெல்லியதாகக் கொடுத்தால் தடம் பெரும்பாலும் மறையும். மறையாவிட்டாலும், பேரணியில் முதல் பரிசு வாங்கும் மினுக்கமும் தினமும் ஓடும் காரின் ஆயுளும் வெவ்வேறு தேவைகள்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் முழுமையாக ஏற்கத்தக்கது. இறுக்கி கலந்து தெளிக்கும் இரட்டைப் பொலியூரித்தேன் பெயின்றில் ஐசோசயனேற்று இருக்கிறது. அதன் மூடுபனியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு உணர்ச்சி கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் ஆபத்து. கடதாசி முகமூடி அதைத் தடுக்காது; வெளியிலிருந்து தூய காற்று தரும் சாதனம் வேண்டும். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அதைத் தெளிப்பது குற்றம். இந்தத் தகரங்களுக்கு அந்தப் பெயின்ற் தேவையும் இல்லை. எபொக்சிக்கும் கையுறை கட்டாயம், தோலில் ஒவ்வாமை ஏற்படுத்தும். 1950கள், 60களின் பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த தூளாகச் சுரண்டாமல் ஈரமாகவே தேய்த்து, கழிவைத் துணியில் ஒற்றியெடுக்க வேண்டும். கழுவிய நீர் கிணற்றடிக்குப் போகக் கூடாது, கற்பிட்டியில் மணலுக்குள் ஊற்றியது குடிநீருக்குள் ஊற்றியதுதான்.

“இதெல்லாம் படித்த தொழிலாளிக்கு உரியது” என்ற பேச்சு மிஞ்சுகிறது. 1969இல் அமெரிக்காவில் ஜோன் முயிர் எழுதி வெளியிட்ட வொக்ஸ்வாகன் பழுதுபார்ப்புக் கையேடு, ஸ்பானரே பிடித்திராதவர்களுக்காக எழுதப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் எஞ்சினைத் தாங்களே இறக்கி ஏற்றியவர்கள் ஏராளம். இலங்கைக்கு வந்தால், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயாரின் முயற்சியோடு, 1990களில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இந்த நாட்டிலேயே செய்யப்பட்டு பிரித்தானியக் கார்களுக்கு அனுப்பப்பட்டன. பிரித்தானியரின் காருக்குத் தகடு அடித்துக் கொடுத்த நாட்டில், தன் காரின் தகட்டைக் கழுவிப் பெயின்ற் அடிக்க ஒருவருக்குத் திறமை இல்லை என்று சொல்வது பொருந்தாது.

பூட்டும்போதும் கவனம் வேண்டும். புதிய பூச்சின் மேல் திருகாணி நேரே அமர்ந்தால் முதல் நாளே பூச்சு வெடிக்கும். மெல்லிய வொஷரும் சிறிதளவு கிறீசும் அதைத் தடுக்கும். எஞ்சின் அறை விளிம்பிலுள்ள இறப்பர்ப் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் புதியது போட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வாரியெறியும் உப்பு மணல் கீழிருந்து மேலே ஏறும். பிறகு இடையிடையே நன்னீரில் பிழிந்த துணியால் துடைப்பதும், கீறல் கண்ட இடத்தைத் தேய்த்துக் கழுவிச் சிறு பிரஷ்ஷால் தொட்டுவிடுவதும் போதும். அந்தத் திருத்தத்துக்குக் காரை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை.

பவுடர் கோட்டிங் கடைகளுக்கும் இதில் இடம் இருக்கிறது. ரிம்கள், தாங்கிகள், சட்டங்கள் போன்ற திறந்த வடிவமுள்ள தடித்த பாகங்களை அங்கே கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: மணல் அடித்தபின் தகட்டைக் கழுவுகிறார்களா, எந்தத் தண்ணீரால் கழுவுகிறார்கள், உப்பு போனதை எப்படிச் சரிபார்க்கிறார்கள். இவற்றுக்குப் பதில் சொல்லாத கடையில், அது கொழும்பில் இருந்தாலும் சிலாபத்தில் இருந்தாலும், காற்றாடி உறையை விட்டுவிட்டு வரக் கூடாது.